பங்கு வெளியீட்டுச் செய்தியோடு புராஸ்பெக்டஸில் உள்ளதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய பங்கு வெளியீடு வரும்போதெல்லாம் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் விலை வரம்பு, விண்ணப்பிக்கும் தேதிகள், கிரே மார்க்கெட் பிரீமியம் (பட்டியலாகும் முன் சந்தைக்கு வெளியே பேசப்படும் கூடுதல் விலை) ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தக் கம்பெனி எதற்காகப் பணம் திரட்டுகிறது, வசூலாகும் பணம் யார் கைக்குப் போகிறது, கம்பெனி மேல் என்ன வழக்குகள் உள்ளன என்பது பெரும்பாலும் வருவதில்லை. கிரே மார்க்கெட் விலைக்கு யாரும் பொறுப்பாளி கிடையாது. அது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கண்காணிப்பிலும் இல்லை. மற்ற விவரங்களோ, இயக்குநர்கள் கையெழுத்திட்டு வெளியிடும் புராஸ்பெக்டஸில், அதாவது தகவலறிக்கையில், வரி வரியாக இருக்கின்றன.

பழைய வட ஆற்காட்டில் இன்று பங்கு வைக்கும் டிமேட் கணக்கு இல்லாத தெரு குறைவு. ராணிப்பேட்டை பெல்லில் பணி ஓய்வு பெற்றவர்கள், கம்மவான்பேட்டை போன்ற ஊர்களின் முன்னாள் ராணுவத்தினர், மருத்துவமனை ஊழியர்கள், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலில் இருப்போர் என்று பலரும் பணிக்கொடையையும் சேமிப்பையும் ஐபிஓ எனும் புதிய பங்கு வெளியீட்டிலும் கடன் பத்திரத்திலும் போடுகிறார்கள். காட்பாடியில் ஒரு கிரவுண்டு மனை வாங்குவதென்றால் வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. பங்கு வாங்குபவருக்கு அந்த இடத்தில் இருப்பது புராஸ்பெக்டஸ்.

பொதுமக்களிடம் பங்கோ கடன் பத்திரமோ விற்கும் கம்பெனி, தன்னைப் பற்றிய முக்கிய உண்மைகளை எழுதி, விற்கும் முன் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 26-வது பிரிவும் செபியின் 2018-ஆம் ஆண்டு வெளியீட்டு விதிகளும் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. பங்கு வெளியீட்டில் இது மூன்று கட்டமாக வரும். முதலில் வருவது வரைவு, அதாவது டிஆர்எச்பி. இது குறைந்தது 21 நாள் பொதுமக்கள் கருத்துக்காக வெளியில் இருக்கும். செபி கேட்கும் திருத்தங்களுக்குப் பிறகு வருவது ரெட் ஹெர்ரிங் புராஸ்பெக்டஸ். வெளியீடு திறப்பதற்கு மூன்று நாளாவது முன்னதாகப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். விலை முடிவான பிறகு இறுதிப் புராஸ்பெக்டஸ் வரும். நாம் படிக்க வேண்டியது இரண்டாவதை. வரைவு வந்து வெளியீடு திறப்பதற்குள் பல மாதம் ஓடியிருக்கும். அதற்குள் புதுக் கணக்கு, புது வழக்கு, சில சமயம் திரட்டும் தொகையேகூட மாறியிருக்கும்.

'செபி ஒப்புதல் கொடுத்துவிட்டது' என்று ஏஜென்ட்கள் சொல்வதை நம்ப வேண்டாம். செபி எந்தப் பங்கையும் நல்லது என்று சான்றளிப்பதில்லை. அந்த வாசகமே புராஸ்பெக்டஸில் அச்சாகியிருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார்களா என்று மட்டுமே அது பார்க்கிறது. சொன்னது பொய் என்றால் கம்பெனிச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி அது மோசடிக் குற்றம். 447-வது பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. பொது நலன் சம்பந்தப்பட்டதென்றால் குறைந்தது மூன்று ஆண்டு. 35-வது பிரிவு, அந்த வாசகத்தை நம்பி வாங்கி நஷ்டப்பட்டவருக்கு இயக்குநர்களும் கம்பெனியைத் தொடங்கி நடத்தும் புரமோட்டர்களும் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்னதற்கும் வாட்ஸ்அப்பில் வந்ததற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. எழுதியிருப்பதை வைத்துத்தான் நாளை கேள்வி கேட்க முடியும் என்பதற்காகவே அதைப் படித்து வைத்திருக்க வேண்டும்.

ஐந்நூறு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, எப்படிப் படிப்பது? முழுவதையும் படிக்கத் தேவையில்லை. சில இடங்களை மட்டும், ஆனால் நிதானமாகப் படித்தால் போதும்.

முதலில் அட்டைப் பக்கம். அங்கே இரண்டு எண்கள் இருக்கும்: புதிய பங்கு எவ்வளவு, ஆஃபர் ஃபார் சேல் எவ்வளவு. புதிய பங்கில் வரும் பணம் கம்பெனிக்குள் போகும். ஆஃபர் ஃபார் சேல் என்பது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் தன் பங்கை நமக்கு விற்பது. அதில் ஒரு ரூபாய்கூடக் கம்பெனிக்கு வராது. 2022 மே மாதம் வந்த எல்ஐசி வெளியீட்டில் ஏறக்குறைய 21,000 கோடி ரூபாயும் மத்திய அரசுக்குப் போயிற்று. எல்ஐசி வளரப் பணம் கொடுக்கிறோம் என்று நினைத்துப் புதிதாக டிமேட் கணக்கு தொடங்கிய பாலிசிதாரர்கள் ஏராளம். 2024 அக்டோபரில், இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி சுமார் 27,870 கோடிக்கு வெளியீடு கொண்டுவந்தது. அத்தனையும் கொரியத் தாய்க் கம்பெனி விற்ற பங்கு. இதில் தவறு ஒன்றும் இல்லை, சட்டப்படியே நடப்பது. ஆனால் 'விரிவாக்கத்துக்காகப் பணம் திரட்டுகிறார்கள்' என்று எண்ணி விண்ணப்பிப்பவருக்கு அட்டையிலேயே பதில் இருக்கிறது.

விற்பவர்களின் பெயருக்கு எதிரே, அவர் அந்தப் பங்கை வாங்கிய சராசரி விலையும் போட்டிருக்கும். விலை வரம்பு 400 ரூபாய், விற்பவரின் சராசரி அடக்கம் 4 ரூபாய் என்றால், பத்து இருபது ஆண்டு உழைத்த நிறுவனருக்கு அது நியாயமாக இருக்கலாம். போன வருடம் 150 ரூபாய்க்கு உள்ளே வந்த முதலீட்டு நிறுவனம் இந்த வருடம் 400-க்கு வெளியே போகிறது என்றால், இடையில் கம்பெனி அத்தனை மடங்கு வளர்ந்ததா என்று கணக்குப் பக்கத்தில் தேட வேண்டும்.

அடுத்து, பணம் எதற்கு என்று சொல்லும் பகுதி. நன்றாக எழுதப்பட்டதில் எந்த இயந்திரம், எந்த சப்ளையர், கொட்டேஷன் எந்தத் தேதியிட்டது, எந்த ஆண்டு எவ்வளவு செலவாகும் என்று அட்டவணை இருக்கும். கொட்டேஷன் காலாவதியாகியிருந்தாலோ, நிலமே இன்னும் வாங்காமல் கட்டடத்துக்குத் தொகை ஒதுக்கியிருந்தாலோ கவனம் தேவை. கடனை அடைக்க என்று இருந்தால் எந்த வங்கிக் கடன், அந்தக் கடன் எதற்காக வாங்கப்பட்டது, புரமோட்டர் குடும்பத்திடம் வாங்கியதா என்று பார்க்க வேண்டும். 'பொதுவான நிறுவனத் தேவைகள்' என்ற தலைப்பில் 25 சதவீதம் வரைதான் ஒதுக்கலாம்; சரியாக 25-ஐத் தொட்டு நிற்பவரிடம் தெளிவான திட்டம் இல்லை என்பது என் கணிப்பு. புதிய பங்கு 100 கோடிக்கு மேல் என்றால் செலவைக் கண்காணிக்க ஒரு தர மதிப்பீட்டு நிறுவனத்தை நியமிக்க வேண்டும். சொன்ன நோக்கத்தைப் பிறகு மாற்ற வேண்டுமானால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

ரிஸ்க் பகுதி நீளமாக இருக்கும். போர், மழை, பெருந்தொற்று, பொருளாதார மந்தம் என்று எல்லாக் கம்பெனியும் எழுதுவதைத் தாண்டிவிடலாம். எண்ணோடு வருவதைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். முதல் ஐந்து வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் எத்தனை சதவீதம் வருகிறது? பி.எஃப்., இஎஸ்ஐ, ஜிஎஸ்டி கட்டத் தாமதமானதா? ஆடிட்டர் ஏதாவது குறிப்பு எழுதியிருக்கிறாரா? செயல்பாட்டு ரொக்க வரவு மைனஸா?

நம் பக்கத்துத் தொழிலை வைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் கம்பெனி ஒன்று பங்கு வெளியிட வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தன் கழிவுநீர் எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எந்தத் தேதி வரை செல்லும், நிலுவை வழக்கு உண்டா என்பதை அது சொல்லியாக வேண்டும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தந்த தீர்ப்பு, இழப்பீட்டையும் சுத்திகரிப்புச் செலவையும் தொழிற்சாலைகள் தலையிலேயே வைத்தது. அதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. 'அனுமதி புதுப்பிக்க விண்ணப்பித்துள்ளோம்' என்ற ஒரு வரிக்குப் பின்னால் ஆலை மூடப்படும் அபாயம் இருக்கலாம் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றத் தொழில்களிலும் அதே கண்ணோடு படித்தால் போதும்.

2021 நவம்பரில் வந்த பேடிஎம் வெளியீட்டை மறந்திருக்க மாட்டோம். 18,300 கோடியில் 10,000 கோடி ஆஃபர் ஃபார் சேல். கம்பெனி தொடர்ந்து நஷ்டத்தில் இருப்பதை அதன் ரிஸ்க் பகுதி மறைக்காமல் சொல்லியிருந்தது. 2,150 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு பட்டியலான முதல் நாளே 27 சதவீதம் விழுந்தது. உண்மையை எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

கணக்குப் பகுதியில் மூன்றாண்டு எண்கள் இருக்கும். லாபத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். ஒரு கற்பனைக் கம்பெனி: விற்பனை 80, 92, 140 கோடி, நிகர லாபம் 3, 3.5, 14 கோடி. கடைசி ஆண்டில் நான்கு மடங்கு லாபம், பிரமாதமாகத் தெரிகிறது. இப்போது பக்கத்தைத் திருப்பி ரொக்க ஓட்ட அறிக்கைக்குப் போங்கள். செயல்பாட்டில் வந்த ரொக்கம் 4, 1, மைனஸ் 9 கோடி. வாடிக்கையாளரிடம் வரவேண்டிய பாக்கி 12, 20, 51 கோடி. முன்பு விற்ற சரக்குக்குச் சுமார் 55 நாளில் வந்த பணம் இப்போது 130 நாளைத் தாண்டியும் வரவில்லை. வெளியீட்டுக்கு முந்திய ஆண்டில் கடனுக்குச் சரக்கைத் தள்ளி விற்பனையையும் லாபத்தையும் பெருக்கிக் காட்டியிருக்கலாம். அடுத்த ஆண்டு அந்தச் சரக்கு திரும்பி வரும், அல்லது வாராக்கடனாகும். பங்கு அப்போது நம் கையில் இருக்கும்.

அதே கம்பெனியின் விலையையும் சோதிப்போம். பங்குகள் 2 கோடி, கடைசி ஆண்டு லாபம் 14 கோடி. ஒரு பங்குக்கு 7 ரூபாய். விலை 210 என்றால் பி/இ, அதாவது விலையை ஒரு பங்கின் லாபத்தால் வகுத்தது, 30 என்று விளம்பரப்படுத்துவார்கள். ஆனால் 50 லட்சம் புதிய பங்கு வந்ததும் மொத்தம் இரண்டரைக் கோடியாகும். பங்குக்கு லாபம் 5.60, பி/இ 37.5. விலைக்கான அடிப்படை என்ற பகுதியிலேயே மூன்றாண்டு எடையிட்ட சராசரி லாபமும் இருக்கும், கடைசி ஆண்டுக்கு 3, அதற்கு முன் 2, முதல் ஆண்டுக்கு 1 என்ற எடையில். அந்தக் கணக்கில் பங்குக்குச் சுமார் 4.33 ரூபாய்தான், பி/இ 48-ஐத் தாண்டுகிறது. ஒப்பீட்டுக்குப் போட்டிருக்கும் கம்பெனிகளையும் பாருங்கள். 140 கோடி விற்பனைக் கம்பெனியை 5,000 கோடிக் கம்பெனிகளோடு நிறுத்தி 'அவற்றைவிட மலிவு' என்பது பழைய உத்தி.

பலரும் கவனிக்காத ஓர் எண் ஒதுக்கீட்டு அட்டவணையில் இருக்கிறது. லாபத் தகுதி உள்ள கம்பெனி, சிறு தொகை போடும் சில்லறை முதலீட்டாளருக்குக் குறைந்தது 35 சதவீதம் ஒதுக்கும். அந்தத் தகுதி இல்லாத கம்பெனி 75 சதவீதத்தைப் பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றாக வேண்டும். சில்லறைக்கு 10 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. ஆகவே 10 சதவீதம் என்று கண்டால், பெரும்பாலும் பழைய லாபக் கணக்கில் இந்தக் கம்பெனி தேறவில்லை என்று பொருள்.

சிறு கம்பெனிகளுக்கான எஸ்எம்இ வெளியீடுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே ஆவணத்தைச் சரிபார்ப்பது பங்குச் சந்தை. செபி தன் கருத்தை வெளியிடுவதில்லை. 2025-இலிருந்து குறைந்தபட்ச விண்ணப்பமே 2 லட்சத்துக்கு மேல். தவறினால் அடி பெரியது.

நம் ஊர்ப் பெரியவர்கள் பங்கைவிட அதிகம் வாங்குவது நகைக்கடன் நிறுவனங்களின் கடன் பத்திரம், அதாவது என்சிடி. நகை அடகு வைக்கும் கவுன்டரிலேயே 'எஃப்.டி. மாதிரிதான் அம்மா, வட்டி கூட' என்று கொடுக்கிறார்கள். எஃப்.டி. மாதிரி அல்ல. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, என்சிடிக்குக் கிடையாது. அதன் புராஸ்பெக்டஸில் பார்க்க வேண்டியவை வேறு: தரக் குறியீடு என்ன, பத்திரம் செக்யூர்டா, அதாவது ஈடு உள்ளதா, எந்தச் சொத்தின் மேல் உரிமை, அதே சொத்தின் மேல் வங்கிகளுக்கும் சம உரிமை உண்டா, பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் இருக்கும் டிரஸ்டி யார், வாராக்கடன் விகிதம் கூடுகிறதா. 'சபார்டினேட்டட் டெப்ட்' என்று இருந்தால் அது ஈடில்லாத கடன். நிறுவனம் முழுகினால் மற்றக் கடன்காரர்களுக்குக் கொடுத்து மிஞ்சியதுதான் வரும். இரண்டு தாளும் ஒரே கவுன்டரில் ஒரே வண்ணத்தில் கிடைப்பதால் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

இதுவரை சொன்னது புராஸ்பெக்டஸ் இருக்கும் இடங்களைப் பற்றி. இல்லாமலே பணம் கேட்பவர்கள் இதைவிட ஆபத்தானவர்கள். கம்பெனிச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி தனிப்பட்ட முறையில் பங்கோ கடன் பத்திரமோ கொடுக்க ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது. அழைப்புக் கடிதத்தில் அழைக்கப்பட்டவர் பெயர் இருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகவே வாங்க வேண்டும், விளம்பரம் செய்யக் கூடாது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு ரொக்கமாக வாங்குபவர் இந்த விதிகள் அனைத்தையும் மீறுகிறார்.

சஹாரா குழுமத்தின் இரண்டு கம்பெனிகள் 2008-இலிருந்து ஏறக்குறைய மூன்று கோடிப் பேரிடம் 24,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிவிட்டு, அது தனிப்பட்ட வெளியீடுதான், செபிக்கு வேலையில்லை என்றன. விஷயம் செபியின் கண்ணில் பட்டதே ஒரு வரைவுப் புராஸ்பெக்டஸால்தான். அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனி 2009-இல் பங்கு வெளியீட்டுக்காகத் தாக்கல் செய்த ஆவணத்தில் இந்தத் திரட்டல் பற்றிய விவரம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் 15 சதவீத வட்டியுடன் திருப்பித் தர உத்தரவிட்டது.

2022-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் வெடித்த நிதி நிறுவன மோசடிகளின் காயம் இன்னும் ஆறவில்லை. மாத வட்டி ஆசை காட்டும் இத்தகைய இடங்களில் கைக்கு வருவது முத்திரைத்தாள் ஒப்பந்தமோ ரசீதோதான். அதில் நிறுவனத்தின் கணக்கு இருக்காது, இயக்குநர் மேல் உள்ள வழக்கு இருக்காது, பணம் எங்கே போகிறது என்பது இருக்காது. முத்திரைத்தாள் இருந்தால் பத்திரம் என்று நம்பிவிடுகிறார்கள். பணம் போடும் முன் செபி தளத்தில் பொது வெளியீடுகள் பகுதியிலும், டெபாசிட் என்றால் ரிசர்வ் வங்கியின் 'சசெத்' தளத்திலும் பெயர் இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். செபியின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 266 7575.

ஐபிஓ ஒதுக்கீடு உறுதி என்று சொல்லி ஜிபேயில் பணம் கேட்கும் போலி வாட்ஸ்அப் குழுக்களும் பெருகிவிட்டன. உண்மையான வெளியீட்டில் அஸ்பா முறையில் பணம் நம் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு ஒதுக்கினால்தான் போகும். யாருடைய தனிக் கணக்குக்கும் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். விண்ணப்பித்த பிறகு புராஸ்பெக்டஸைப் படித்து மனம் மாறினாலும், சில்லறை முதலீட்டாளர் வெளியீடு மூடும் வரை விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம்.

33-வது பிரிவின்படி விண்ணப்பப் படிவத்தோடு சுருக்கப் புராஸ்பெக்டஸ் தர வேண்டும். வெளியீடு மூடும் முன் கேட்பவருக்கு முழுப் பிரதியும் தர வேண்டும். தவறினால் ஒவ்வொரு தவறுக்கும் 50,000 ரூபாய் அபராதம். புரோக்கர் அலுவலகங்களில் வாய் திறந்து கேளுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பகுதியில், எந்தெந்த ஒப்பந்தங்களையும் ஆவணங்களையும் பதிவு அலுவலகத்தில் நேரில் பார்க்கலாம் என்ற பட்டியலும் இருக்கும்.

மொழிதான் பெரிய தடை. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் செபி, புராஸ்பெக்டஸின் சாரத்தைச் சுமார் பத்து நிமிட ஒலி-ஒளிக் காட்சியாக வெளியிட வேண்டும் என்றது. அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. ஆனால் அது கேட்பது ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே. செய்தித்தாள் விளம்பரமும் ஆங்கிலம், இந்தி போகப் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்தின் மொழியில்தான் கட்டாயம். மும்பைக் கம்பெனி அவற்றோடு மராத்தியில் போட்டால் போதும். குடியாத்தத்தில் லுங்கி நெய்பவரின் பணமும் ஆரணியில் பட்டு நெய்பவரின் பணமும் அதே வெளியீட்டுக்குத்தானே போகிறது? சுருக்கப் புராஸ்பெக்டஸும் அந்தக் காட்சியும் தமிழிலும் வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் தலையங்கம் எழுதி செபியிடம் கேட்க வேண்டும்.

அதுவரை தங்கள் வணிகப் பக்கத்திலாவது ஒவ்வொரு வெளியீட்டுச் செய்தியோடும் நான்கு வரி சேருங்கள்: புதிய பங்கு எவ்வளவு, ஆஃபர் ஃபார் சேல் எவ்வளவு; பணம் எதற்கு; மூன்றாண்டு லாபத்தோடு மூன்றாண்டு செயல்பாட்டு ரொக்கம்; புரமோட்டர்கள் மேல் நிலுவையில் உள்ள குற்ற வழக்குகளின் எண்ணிக்கை. நான்கும் ரெட் ஹெர்ரிங் புராஸ்பெக்டஸின் அட்டையிலும் உள்ளே வரும் சுருக்கப் பகுதிகளிலும் இருக்கின்றன. இடம் போதாவிட்டால் கிரே மார்க்கெட் பிரீமியத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பட்டயக் கணக்காளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.